பால் வாளிகளில் அடித்த பாஸ்கு மணி

எனக்கு வயது அறுபத்தெட்டு. வளர்த்தது ஒன்பது பிள்ளைகள். ஏழு நான் பெற்றவை, இரண்டு என் தங்கை விட்டுப் போனவை. ஒன்பதும் இன்று ஆளுக்கொரு குடும்பமாக நன்றாக இருக்கின்றன. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதுவதுதான் வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எழுத்து நான் பள்ளிக்கூடத்தில் கற்றதல்ல. செபப் புத்தகத்தை மடியில் வைத்து, மனப்பாடமாகத் தெரிந்த செபத்தின் மேல் விரலை ஓட்டி, இந்தச் சத்தத்துக்கு இந்த எழுத்து என்று நானே பிடித்துக்கொண்டது. அதனால் மெதுவாகத்தான் வரும். வாசிக்கிறவர்களும் மெதுவாகவே வாசியுங்கள்.

நான் மலாயாவிலிருந்து திரும்பி வந்த நாள் முதல் கோவில் வாசலில் என்னை நிறுத்தி ஒரே கேள்வி கேட்கிறார்கள். "பெரிய சனிக்கிழமைப் பூசையக் காலையிலேருந்து ராத்திரிக்கு மாத்திட்டாங்களே, நீ யாரு பக்கம்?" ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு ஞாயிறுக்கு முந்தின நாள் பூசையைத்தான் கேட்கிறார்கள். வயதானவர்கள் என்னைத் தங்கள் பக்கத்து ஆளாகவே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். என் பேரப்பிள்ளைகள் எதிர்ப்பக்கம். நான் யார் பக்கம் என்று சொல்ல வேண்டுமானால் ஒரு கோழியைப் பற்றியும் ஒரு தண்டவாளத் துண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாசலில் நின்று சொல்லி முடிகிற கதை அல்ல அது.

என் கடைக்குட்டி செசிலியை மலாயாவில் கித்தா மரம் சீவுகிற மரியசூசைக்குக் கட்டிக் கொடுத்தோம். கித்தா என்றால் ரப்பர். அங்கே யாரும் ரப்பர் என்று சொல்வதில்லை. அவளுக்கு முதலில் பிறந்த இரண்டும் நாற்பது நாள் தாண்டவில்லை. மூன்றாவது வயிற்றில் இருக்கிறது என்று கடிதம் வந்தபோது நான் நம் கோவில் மணிக்கூண்டுக்குக் கீழே நின்று ஒரு பொருத்தனை செய்தேன். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெரிய வியாழக்கிழமை மணி ஓய்ந்தால் பிறகு மரத்தட்டுதான். சனிக்கிழமை காலைப் பூசையில் சாமியார் குளோரியா கீதத்தைத் தொடங்கியதும் எல்லா மணியும் சேர்ந்து அடிக்கும்; அல்லேலூயா மணி என்போம். அந்த நேரத்தில் தாய்மார்கள் பிள்ளைகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார்கள். தூக்கின பிள்ளை தங்கும், வளரும் என்பது நம்பிக்கை. என் ஒன்பதையும் நான் அப்படித் தூக்கியிருக்கிறேன். செசிலியின் முதல் இரண்டையும் யாரும் தூக்கவில்லை. "ஆண்டவரே, இந்தப் பிள்ளையை அல்லேலூயா மணியில் நானே தூக்குகிறேன், நீர் வைத்துக் கொடும்" என்று சொன்னேன்.

பிள்ளையை இங்கே கொண்டுவர முடியாது. அதனால் நான் போனேன்.

சிரம்பான் ஸ்டேஷனில் மருமகன் நின்றிருந்தார். பிள்ளை பிறந்து எட்டு நாளாகிவிட்டது, ஆண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்றார். மூட்டையை அங்கேயே இறக்கி வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் என்னை ஒரு சீனன் காப்பிக் கடைக்கு அழைத்துப் போனார். காப்பி கோப்பையில் கருப்பாக வந்தது, அடியில் பாலாடை போலக் கட்டிப் பால். கோப்பையிலிருந்து சாஸரில் ஊற்றி உறிஞ்சினார்கள். நம் ஊரில் இப்படிக் குடித்தால் நாகரிகம் தெரியாதவன் என்பார்கள். அங்கே கோட்டுப் போட்டவனும் அப்படித்தான் குடிக்கிறான். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துக் கொடுத்தார்கள். இறைச்சி தொடாத தபசுகாலத்துக்கு ஏற்ற பலகாரம். நான் நான்கு தின்றேன்.

அங்கே அது அவசர காலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள். அவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று சர்க்கார் காவல். சாப்பாட்டுச் சாமான் எதுவானாலும் திருட்டுச் சாமானைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். கடைக்காரன் பால் டின்னை விற்கும்போதே ஆணியால் ஒரு ஓட்டை போட்டுத்தான் கொடுக்கிறான், யாரும் ஒளித்து வைக்க முடியாதபடி. நாங்கள் ஏறிய பஸ்ஸை நடு ரோட்டில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் மூட்டையில் சுக்கு, மிளகு, பிரசவ மருந்து, ஒரு டப்பா முறுக்கு. ஒரு போலீஸ்காரப் பையன் முறுக்கை எடுத்து வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உடைத்தான். முகர்ந்தான். பிறகு தின்றான்.

"என்ன சொல்றான் மாப்ளே?" என்றேன்.

"இன்னும் ஒண்ணு சோதிக்கணுமாம் அத்தே."

டப்பாவையே நீட்டினேன். பஸ்ஸில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். துப்பாக்கிக்குப் பின்னால் இருந்தவனுக்கு என் பேரன் அளவு வயதுதான் இருக்கும்.

சந்திப்பிலிருந்து தோட்டத்துக்கு லாரி. லிங்கிப் பக்கத்துத் தோட்டம் அது. இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையவில்லை. நம் சனங்கள் இரண்டாம் பாலத்துத் தோட்டம் என்கிறார்கள். பாதி வழியில் லாரி டயர் வெடித்தது. டிரைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. டயருக்காக அல்ல, காட்டு ரோட்டில் நிற்பதற்காக. எல்லோரும் இறங்கி அவசர அவசரமாகச் சக்கரம் மாற்றினார்கள். நான் பக்கத்தில் நின்று உரக்கச் செபமாலை சொன்னேன். "பாட்டி, மெதுவாச் சொல்லுங்கலா, அவனுங்களுக்குக் கேட்டுடப் போவுது" என்றான் டிரைவர், அந்த ஊர்ப் பேச்சுக்கு வாலாக வருகிற லாவோடு. "கேட்டா முழங்கால் போடட்டும்" என்றேன்.

தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, வேலி நெடுக விளக்கு, வேலியோரம் ஒரு காவல் கோபுரம். உள்ளே வரிசை வரிசையாக லயத்து வீடுகள். கித்தா மரங்கள் புதுநன்மை வாங்க வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி இடைவெளி பிசகாமல் நிற்கின்றன. தினமும் சாயங்காலம் ஒரு மழை. காற்றில் எப்போதும் கித்தாப் பாலின் புளித்த வாடை. இரண்டு நாளில் அது மூக்குக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

செசிலி வாசலில் நின்றாள். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, "எடை குறைச்சலா இருக்கானாம்மா?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை, பிரயாணம் எப்படி என்றுகூட. நான் அவனைக் கையில் நிறுத்துப் பார்த்தேன். குறைச்சல்தான். "நீ பொறக்கறப்ப இதுல பாதிடி" என்றேன்.

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. அந்தத் தோட்டத்தில் நம் வேதக்காரர் வீடு பத்துப் பன்னிரண்டுதான்; மற்றவர்கள் எல்லாம் மாரியம்மன் கோவில்காரர்கள். தகரக் கூரை போட்ட ஒரு பலகைக் கோவில் இருக்கிறது. சாமியார் மாதம் ஒருமுறை டவுனிலிருந்து வருவார். இந்த வருஷம் பெரிய சனிக்கிழமை இந்தத் தோட்டத்தின் முறை. அன்றைக்குப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று ஏற்பாடு. எனக்குத் திருப்தி. கோவிலைச் சுற்றி வந்தேன். பீடம் சரி, சுரூபம் சரி, மெழுகுதிரிக் கால் சரி.

"மணி எங்கே மாப்ளே?"

"இங்க மணி கிடையாதுங்க அத்தே."

"பொழுது விடியுமுன்ன கேட்டுச்சே?"

அது பெரட்டு மணி. ஆபீசுக்கு எதிரே மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். விடியற்காலை அதை அடித்தால் எல்லோரும் வந்து வரிசையில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். நான் போய் ஒரு கல்லால் மெல்லத் தட்டிப் பார்த்தேன். நல்ல நாதம். நம் சின்ன மணிக்குக் குறைச்சலில்லை. இது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு மலாய்க்கார போலீஸ் ஓடிவந்து என் கையிலிருந்த கல்லை வாங்கி எறிந்தான்.

பெரிய வியாழன் போனது. வெள்ளிக்கிழமை விடியுமுன் அந்தத் தண்டவாளம் கணகணவென்று அடித்தபோது நான் பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆண்டவர் பாடுபட்டு மரித்த நாளில் மணியா? "இங்க லீவு கிடையாதும்மா. மரம் வெள்ளிக்கிழமை பார்க்குமா?" என்று செசிலி சொன்னாள். ஆனாலும் மத்தியானம் கித்தாப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கைகால் கழுவி, எல்லோரும் கோவிலுக்கு வந்தார்கள். சாமியார் இல்லை. நான்தான் முன்னால் உட்கார்ந்து தேவமாதாவின் புலம்பலை எடுத்தேன். நம் ஊர் ராகம், நம் ஊர் மாரடி. இளம் பெண்கள் முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு ஒருத்தி அழுதாள், பிறகு எல்லோரும்.

பக்கத்து வீட்டு முனியம்மா, மாரியம்மன் கோவில்காரி, வாசலில் நின்று கேட்டாள். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெரியம்மா, எங்க மாமியாருக்கு இப்படி அழ ஆளில்லாமப் போச்சே. அடுத்த தரம் எங்க வீட்டுல சாவு விழுந்தா நீங்கதான் வரணும்லா" என்றாள்.

"அது வரைக்கும் நான் இங்க இருக்க மாட்டேன். வேணும்னா உன் புருசனைச் சீக்கிரம் போய்ச் சேரச் சொல்லு" என்றேன். துக்க நாளில் கோவில் வாசலில் சிரித்த பாவத்தில் இரண்டு பேருக்கும் பங்கு.

சனிக்கிழமை காலையில்தான் கோழி.

நம் கணக்கில் சனிக்கிழமை காலை மணி அடித்தால் மத்தியானத்தோடு தபசு முடிந்தது. சாமியார் பல தோட்டம் பார்க்கிறவர். வருவதற்குச் சற்று நேரமாகும் என்று நினைத்தேன். வந்ததும் பூசை, பூசை முடிந்ததும் சாப்பாடு. அதனால் விடிந்ததும் கோழியை அறுக்கச் சொன்னேன். நான் சொன்னதைக் கேட்டு மற்ற வேத வீடுகளிலும் அறுத்தார்கள். ஊரிலிருந்து கொண்டுபோன மிளகை வறுத்து அரைத்து, தேங்காய்ப் பால் விட்டு, குண்டான் நிறையக் குழம்பு. லயம் முழுக்க வாசனை.

மத்தியானம் தாண்டிச் சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்தார். பிரெஞ்சுக்காரர், புதுச்சேரியில் தமிழ் படித்தவர். அச்சடித்த புத்தகம் பேசுவது போலப் பேசுவார். வண்டியை நிறுத்தினார், மூக்கைத் தூக்கினார்.

"இது யாருடைய இல்லத்து நறுமணம்?"

"நம்ம வீடுதான் சாமி. பூசை முடிஞ்சதும் சாப்பிடலாம்."

"அம்மணி, தபசுகாலம் இன்று நடுநிசி வரை நீடிக்கிறதே. பாஸ்குத் திருச்சடங்கு இனிமேல் காலையில் இல்லை. இருட்டிய பின்தான் தொடங்க வேண்டும். ரோமாபுரியிலிருக்கும் பரிசுத்த பாப்பானவரின் கட்டளை."

"எங்கம்மா காலத்துலேருந்து, அவங்கம்மா காலத்துலேருந்து காலையில்தான் சாமி. பாப்பானவருக்கு யாராச்சும் எடுத்துச் சொல்ல வேணாமா?"

"அதற்கும் மிகவும் முந்திய காலத்தில் இரவில்தான் நடந்தது. ஆண்டவர் இரவில் அல்லவா உயிர்த்தார்? பழையதைத்தான் அவர் திருப்பிக் கொடுத்திருக்கிறார்."

என்னைவிடப் பழையதை ஒருவர் எடுத்துக் காட்டுவார் என்று நான் நினைத்ததே இல்லை. வாயை மூடிக்கொண்டேன். கோழிதான் மூட முடியாமல் மணந்துகொண்டிருந்தது.

முனியம்மாவிடம் கொண்டு போனேன். "ஐயோ பெரியம்மா, சனிக்கிழமை நாங்க கவிச்சி தொட மாட்டோம்லா!" என்று இரண்டடி பின்னால் போனாள். அந்த வெயிலில் தோட்டம் முழுக்கக் கோழிக்குழம்பு. தின்ன ஒருவர் இல்லை. எங்களுக்கு ரோமாபுரி தடை, அவளுக்குச் சனி தடை. கடைசியில் கடை வைத்திருக்கிற சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் கடைக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது. ஆனால் கிண்ணம் காலியாகத்தான் வந்தது.

சிரிப்பு அடங்கியதும் மருமகன் ஒரு வார்த்தை சொன்னார். "அத்தே, இருட்டுனா ஊரடங்கு. ஒருத்தரும் வெளிய வரக் கூடாது."

இருட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும் என்கிறது ரோமாபுரி. இருட்டியதும் கதவைச் சாத்த வேண்டும் என்கிறது சர்க்கார். பூசை இல்லையென்றால் மணி இல்லை. மணி இல்லையென்றால் என் பொருத்தனை என்ன ஆவது? செசிலி பிள்ளையின் துணியை அவிழ்த்து மறுபடி சுற்றினாள், அவிழ்த்து மறுபடி சுற்றினாள்.

நான், சாமியார், மருமகன் மூன்று பேருமாகக் காவல் கொட்டகைக்குப் போனோம். அங்கே பொறுப்பு ஒரு மலாய்க்கார சார்ஜன், மீசை நரைத்தவர். மருமகன் மலாயில் சொல்லச் சொல்லக் கேட்டார். நல்ல மனுஷன். இவர்களுடைய பெரிய நோன்பு முடிகிற நாள் என்று அவருக்குப் புரிந்தது. வேலிக்குள்ளேயே இருப்பதானால் ஊரடங்கை ஒரு பூசை நேரம் தள்ளி வைக்கிறேன் என்றார். கோவில் வாசலில் தீ மூட்டலாம், அவர் மணல் வாளியோடு பக்கத்தில் நிற்பார்.

"மணியையும் கேளுங்க மாப்ளே."

மருமகன் கேட்டார். சார்ஜன் முகம் மாறிவிட்டது. நீளமாகப் பேசினார். மருமகன் எனக்குச் சொன்னார்: "அந்தத் தண்டவாளம் ரெண்டுக்குத்தான் அத்தே அடிக்கலாம். காலையில பெரட்டு, இல்லேன்னா காட்டுக்காரன் வந்துட்டான். பொழுது சாஞ்சு அது அடிச்சா கோபுரத்துல இருக்கிறவன் சுட ஆரம்பிச்சுடுவான். பக்கத்துத் தோட்டத்துக்கு போன் போவும், பட்டாள லாரி வரும்."

"ஒரே ஒரு தட்டு."

"ஒரு தட்டுக்கும் அதே லாரிதானாம்."

கோழிக்குழம்பு கொண்டுவரட்டுமா என்று கேட்கச் சொன்னேன். சார்ஜன் வாய்விட்டுச் சிரித்தார். அவர்கள் முறைப்படி அறுத்த கோழியா என்று கேட்டார். அதுவும் இல்லை. அந்தக் கோழி அவருக்கும் தடை.

திரும்பி வந்து படியில் உட்கார்ந்தேன். மனசு விட்டுப்போயிற்று. மணியில்லாத குளோரியாவில் பிள்ளையைத் தூக்கி என்ன பயன்? லயத்து வீடுகளுக்கு முன்னால் பால் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், வரிசையாக. செசிலி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, கையிலிருந்த கரண்டியால் ஒரு வாளியின் அடியைத் தட்டினாள். டங் என்றது.

"அம்மா, இதை அடிச்சா?"

"போடி. மணின்னா ஆயர் வந்து மந்திரிச்சுப் பேர் வைக்கணும். கித்தாப் பால் சுமக்கிற வாளி மணியாவுமா?"

அவள் கோபப்படவில்லை. "இந்த வாளியச் சுமந்துதாம்மா நாங்க சோறு திங்கிறோம். மொதப் பிள்ளைய வயித்துல வச்சுக்கிட்டும் சுமந்தேன், ரெண்டாவதையும் வச்சுக்கிட்டுச் சுமந்தேன். இது ஆண்டவருக்கு ஆகாதா?"

எழுந்து சாமியாரிடம் போனேன். வாளியை அடிக்கலாம், ஆனால் மந்திரிக்காமல் அடிக்க விடமாட்டேன் என்றேன். அவர் கண் சிரித்தது.

"புதுத் தீர்த்தத்தை மந்திரித்து, சனங்கள் எல்லார் மேலும் தெளிப்பேன். அவரவர் கையில் எது இருக்கிறதோ அதன் மேலும் விழும், அம்மணி. குளோரியாவுக்கு முன்பே விழும்."

போதும் என்றேன். சார்ஜனுக்கும் சொல்லி வைத்தோம். கோபுரத்தில் இருப்பவனிடம் அவரே போய்ச் சொன்னார்.

வெளிச்சம் மங்கியது. கோவில் வாசலில் தேங்காய் மட்டையில் புதுத் தீ. சார்ஜன் மணல் வாளியோடு, கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் நிற்பது போல விறைப்பாக நின்றார். அந்தத் தீயில் பாஸ்குத் திரியை, அந்தப் பெரிய மெழுகுதிரியை, கொளுத்தி, "லூமென் கிறிஸ்தி", கிறிஸ்துவின் ஒளி, என்று பாடிக்கொண்டு சாமியார் இருட்டுக் கோவிலுக்குள் நுழைந்தார். அந்தத் திரியிலிருந்து எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னத் திரி பற்றிக்கொண்டது. நம் ஊரில் காலை வெயிலில் பாஸ்குத் திரி ஏற்றுவார்கள். அது எரிகிறதா இல்லையா என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். இங்கே அதன் ஒரு சுடரில் முகம் முகமாகத் தெரிந்தது. ராத்திரிக்கு இது ஒன்று சாதகம் என்று மனசில் குறித்துக்கொண்டேன்.

தீர்க்கதரிசனம் வாசித்தார். நான் விரல் விட்டு எண்ணினேன். பன்னிரண்டு வர வேண்டும், நாலோடு நிறுத்திவிட்டார். "மீதி எட்டு எங்கே?" என்று மருமகனைக் கிள்ளினேன். "அதையும் பாப்பானவர் கொறைச்சிட்டாராம் அத்தே." ஊரடங்கு தெரிந்துதான் குறைத்தாரோ என்னவோ. ஆனால் அந்த எட்டும் இல்லாதது எனக்குக் குறைதான். சாமியாரிடம் பிறகு நேரிலேயே சொன்னேன்.

தீர்த்தம் மந்திரித்தார். பிள்ளைக்கு ஞானஸ்நானம்: பாஸ்கல் என்று பெயர். நாக்கில் உப்பு வைத்தார்கள், தைலம் பூசினார்கள், தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு முனகல்கூட இல்லாமல் அவன் தூங்குகிறான். செசிலி என்னைப் பார்த்தாள். "தூங்கட்டும்" என்றேன், எனக்கே உறுதியில்லாமல்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சாமியார் எங்கள் பக்கம் திரும்பி, லத்தீனை விட்டுவிட்டு, தமிழில் கேட்டார்: "பசாசை விட்டுவிடுகிறீர்களா?"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒன்பது பிள்ளைகளை ஞானஸ்நானத் தொட்டிக்குச் சுமந்து போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கேள்வி லத்தீனில், பதிலை உபதேசியார் லத்தீனில் சொல்லிவிடுவார். எனக்காகப் பேசவே அவர் இருக்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன். என்னை யாரும் கேட்டதே இல்லை.

"விட்டுவிடுகிறோம்!" என்றேன். கோவிலில் என் குரல் ஒன்றுதான் கேட்டது. சாமியார் தலையை ஆட்டி மறுபடி கேட்டார். இம்முறை எல்லோரும் சொன்னார்கள். விசுவசிக்கிறீர்களா என்று கேட்டார். "விசுவசிக்கிறோம்!" வாசலில் நின்ற முனியம்மா குரலும் அதில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். "எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன், போங்கலா" என்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

தீர்த்தம் தெளித்தார். முகத்தில் விழுந்தது, மடியில் இருந்த வாளிகளில் விழுந்தது. பீடத்துக்குப் போய்க் கையை விரித்து, குளோரியாவை எடுத்தார்.

அம்மாடி, அந்தச் சத்தத்தை நான் எழுத்தில் எப்படி எழுதுவேன்? பெரிய வாளி, சின்ன வாளி, மூடி, கரண்டி, மரம் சீவுகிற கத்தியின் பிடி. தகரக் கூரை அதை வாங்கித் திருப்பி அடித்தது. வாசலில் முனியம்மாவும் அவள் லயத்துப் பெண்களும் தங்கள் வாளிகளைக் கொண்டுவந்து தட்டினார்கள். அவற்றில் தீர்த்தம் விழவில்லை, ஆனால் நாதத்தில் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. வேலியோரக் கோபுரத்திலிருந்தும் டிங் டிங் என்று ஒன்று கேட்டது. காவல்காரப் பையன் தன் சாப்பாட்டுத் தட்டைத் தட்டுகிறான். சார்ஜன் அவனை அதட்டவில்லை.

நான் பாஸ்கலை வாங்கித் தலைக்கு மேல் தூக்கினேன். செசிலி என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். அப்படியே நின்றோம், குளோரியா முடிகிற வரைக்கும். அவன் கண்ணைத் திறக்கவே இல்லை. இத்தனை இரைச்சலிலும் ஒரு பிள்ளை தூங்குமா? காதில் விழவில்லையோ? செசிலி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வாளிகள் நின்றன. ஒரு நொடி அமைதி. அந்த அமைதிக்குத்தான் பாஸ்கல் விழித்தான். கண்ணை அகலத் திறந்து, சத்தம் எங்கே போயிற்று என்று கேட்பது போல் பார்த்தான். பிறகு முகம் சிவக்க, காலை உதைத்து, கோவில் கூரை அதிர ஒரு வீறல். அந்தக் குறை எடைக்குள் இவ்வளவு குரல் எங்கே இருந்தது? சனங்கள் சிரித்தார்கள். சாமியார் பீடத்தில் நின்றபடியே தோள் குலுங்கச் சிரித்தார். செசிலி மட்டும் தேம்பித் தேம்பி அழுதாள். கல்யாணமாகி எங்களைப் பிரிந்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. பிள்ளையை அவள் மார்பில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கோழியைத் தின்றோம். நான்கு தடவை சூடு காட்டியதில் எலும்பே கரைந்திருந்தது. முனியம்மாவுக்கும் சனி தாண்டிவிட்டது. இலை போட்டு உட்கார்ந்தாள். பழைய குழம்புதான் ருசி என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் தின்றோம்.

நாற்பது நாள் தாண்டும் வரை நான் அங்கேயே இருந்தேன். தாண்டிய அன்றைக்கு, தோட்டத்துத் தராசில், கித்தாப் பால் நிறுக்கிற தராசில்தான், மருமகன் பாஸ்கலை வைத்து நிறுத்தார். எவ்வளவு என்று சொல்ல மாட்டேன், கண்ணேறு படும். நான் கையில் தூக்கிப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

இப்போது கோவில் வாசலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நான் காலைக்காரியும் இல்லை, ராத்திரிக்காரியும் இல்லை. லத்தீன் எனக்கு வேண்டும். அந்த ராகம் இல்லாமல் எனக்குப் பூசை ருசிக்காது. வெள்ளிக்கிழமைப் புலம்பலை யாராவது நிறுத்தினால் நான் கோவில் நடுவில் உட்கார்ந்துகொள்வேன். ஆனால் வருகிற பாஸ்குவில் நம் சாமியார் தமிழில் கேட்கும்போது நம் ஊரார் வாய்க்குள் முணுமுணுக்கக் கூடாது. என்னைக் கேட்க அறுபத்தெட்டு வருஷம் ஆயிற்று. உங்களைச் சீக்கிரம் கேட்டுவிட்டார்கள். வாய் திறந்து சொல்லுங்கள். மணி காலையில் அடித்தாலென்ன, ராத்திரி அடித்தாலென்ன, தூக்க ஒரு பிள்ளையும் தாங்க ஒரு கையும் இருந்தால் எனக்குப் போதும்.

போன வாரம் செசிலியிடமிருந்து கடிதம் வந்தது. பாஸ்கல் தவழ்கிறானாம். வாளியை எங்கே கண்டாலும் போய்த் தட்டுகிறானாம். தட்டிவிட்டு, நிறுத்திவிட்டு, சுற்றிப் பார்க்கிறானாம்.

அடைக்கலம், என் பேரக் கண்ணு, பேனாவைக் கீழே வைக்கிறேன். இங்கே வந்து உட்கார். முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. கோழி வருகிற இடத்தில் சிரித்து நிறுத்தாதே. வாளி அடிக்கிற இடம் வந்ததும் கொஞ்சம் பொறு. நான் எழுந்து நின்றுகொள்கிறேன்.